மூன்றாம் ஓலை

ரயில்வே குவார்ட்டர்ஸ்,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்.
14-7-1928, சனிக்கிழமை இரவு

கிறிஸ்துவுக்குள் அன்பான நல்லம்மாள் அக்கா அவர்களுக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். எல்லாரும் கடிதத்தின் தலைப்பில் இப்படித்தான் எழுதுகிறார்கள். நான் வழக்கத்துக்காக எழுதவில்லை. நீங்கள் உண்மையிலேயே சுகமாக, உயிரோடு இருக்க வேண்டும்.

என்னை உங்களுக்குத் தெரியாது. என் பெயர் ஞானப்பூ. வயது பதினான்கு. இங்கே மிஷன் பெண்கள் பள்ளியில் ஏழாவது படிக்கிறேன். அப்பா ரயில்வே ஸ்டோரில் கணக்கு எழுதும் கிராணியாக இருக்கிறார். அம்மா இல்லை. என்னை வளர்த்தது என் அக்கா இராஜம்மா. அவளுக்கு இருபத்தாறு வயது. உங்கள் விலாசம் எனக்குத் தெரியாது. எங்கே அனுப்புவது என்று தெரியாமலே எழுதத் தொடங்கிவிட்டேன். எழுதாமல் படுத்தால் தூக்கம் வரவில்லை.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். நம் ஆட்கள் எஸ்டேட்டும் துறைமுகமுமாக மாறிக்கொண்டே இருப்பதால், பலருடைய ஊர்க் கடிதங்கள் எங்கள் கோயில் விலாசத்துக்குத்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன் அவற்றைப் பெயர்வாரியாக அடுக்கி வைப்பது என் வேலை. மூடிய கடிதத்தை நான் தொட்டதில்லை. கார்டுகளை மட்டும் வாசித்துவிடுவேன். ஜனவரி மாதம் திரு. ஜெயராஜ் அவர்களுக்கு ஒரு கார்டு வந்தது. மழையில் நனைந்து, அனுப்பிய ஊர் அழிந்துபோயிருந்தது. ஆசீர் இப்போது சுவரைப் பிடிக்காமல் நடக்கிறான், கோழியைத் துரத்துகிறான் என்று அதில் இருந்தது. “உங்கள் பழைய செருப்பை வாசலிலேயே போட்டு வைத்திருக்கிறேன். திருடன் வந்தால் வீட்டில் ஆம்பிளை இருக்கிறார் என்று பயப்படட்டும்” என்றும் இருந்தது. கீழே ‘நல்லம்மாள்’. ஊரில் அவருடைய தங்கை போலும் என்று நினைத்தேன். நான் சிரித்துவிட்டேன். அதனால்தான் ஒரு சொல்லும் மறக்கவில்லை. அவர் கேட்டபோது கையில் கொடுத்தேன். பார்க்காமலே பைக்குள் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவருக்குக் கார்டே வரவில்லை. வேறு விலாசம் கொடுத்து உங்களுக்கு எழுதியிருப்பார் போலும்.

அவர் கிள்ளான் துறைமுகத்தில் கிளார்க். போன டிசம்பரில்தான் எங்கள் சபைக்கு வந்தார். மனைவி இறந்து இரண்டு வருஷம் ஆயிற்று, பிள்ளைப்பேற்றில் குழந்தையும் போய்விட்டது என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தார். நல்ல குரல். கோயிலில் கீர்த்தனை பாடும்போது பெண்கள் பக்கமே திரும்பிப் பார்க்கும்.

அக்கா, இனி எழுதப்போவதை நீங்கள் உட்கார்ந்துகொண்டு படியுங்கள். பையன் இடுப்பில் இருந்தால் இறக்கி விட்டுவிடுங்கள்.

என் அக்காவுக்கும் அவருக்கும் கலியாணம் பேசியிருக்கிறார்கள். வருகிற வியாழக்கிழமை.

என் அக்காவுக்குச் சின்ன வயதில் அம்மை போட்டு முகமெல்லாம் தழும்பு. மூன்று இடத்திலிருந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவரும் திரும்பி வரவில்லை. ஜெயராஜ் அவர்கள்தான் முகத்தை நேராகப் பார்த்துப் பேசினார். அதிலிருந்து அக்கா அடுப்படியில் பாடிக்கொண்டே இருக்கிறாள். அவள் பாடி நான் கேட்டதே இல்லை. நிச்சயம் செய்த அன்று, மறைந்துபோன அந்தச் சகோதரிக்கும் குழந்தைக்கும் என்று சொல்லி அப்பா எல்லாரையும் எழுந்து நிற்கச் சொன்னார். உங்களுக்காகத்தான் நின்றோம். என் அக்கா உங்களுக்காக அழுதாள். அப்போது உங்கள் பெயரை யாரும் சொல்லவில்லை.

இந்த மாதம் முதல் ஞாயிறு முதலாம் ஓலை வாசித்தார்கள். உங்கள் ஊரிலும் கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு இப்படி வாசிப்பார்கள்தானே? “காலஞ்சென்ற நல்லம்மாளின் கணவர் ஜெயராஜுக்கும்” என்று குருவானவர் தொடங்கினார். கார்டின் கீழே இருந்த அதே பெயர். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று அவர் நிறுத்தியபோது நான் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை வீட்டு ஜெபத்தில் மத்தேயு பதினெட்டாம் அதிகாரம் வந்தது. அப்பா எதையும் தேடி எடுக்கமாட்டார், வரிசையாகத்தான் வாசிப்பார். சகோதரன் தப்புச் செய்தால் முதலில் தனியே அவனிடம் போய்ச் சொல்ல வேண்டும். கேட்காவிட்டால் இரண்டொரு பேரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அப்போதும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல்ல வேண்டும். அப்பா வாசித்து முடித்து, “வேதத்தை வாசிச்சா மட்டும் போதாது, நடக்கணும்” என்றார். எப்போதும் சொல்வதுதான். அன்றைக்கு என்னைப் பார்த்துச் சொன்னது போல இருந்தது.

தனியே போவது எப்படி? வயதுவந்த பெண் ஒரு ஆணிடம் தனியாகப் பேச முடியுமா? மறுநாள் திங்கட்கிழமை அவர் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிள்ளான் ரயிலுக்குப் புறப்பட்டவர் குடையை மறந்துவிட்டார். அக்கா என்னை ஓடவிட்டாள். ஸ்டேஷன் வாசலில் பிடித்தேன். குடையை நீட்டிக்கொண்டே, “உங்க மனைவி கார்டு போட்டாங்களே, நான் படிச்சேன்” என்று சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. “அது பழைய கார்டு பாப்பா. கப்பல்ல எங்கேயோ கிடந்துட்டு வந்திருக்கு. பாத்தாலே மனசு கஷ்டமாயிருக்கு” என்றார். “அப்போ நடக்கிற பையன் யாரு?” என்று கேட்டேன். “உனக்குச் சரியா ஞாபகமில்ல” என்று சொல்லி, பக்கத்துக் கச்சாங் பூத்தேக்காரரிடம் ஒரு கடலைப் பொட்டலம் வாங்கிக் கையில் வைத்தார். ரயில் போய்விட்டது. வீடு வருவதற்குள் நான் அதைத் தின்று முடித்திருந்தேன்.

இரண்டாம் ஓலையும் வாசித்தார்கள். அன்றும் நான் வாய் திறக்கவில்லை. சாட்சிக்கு யாரைக் கூட்டிப் போவது? கார்டை வேறு யாரும் பார்க்கவில்லை. உபதேசியார் வீட்டம்மாளிடம் போய்ச் சொன்னேன். அவர்கள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, “உன் அக்காவுக்கு ஒரு நல்லது நடக்குது, உனக்குப் பொறுக்கலையாடி? பெரியவங்க விசாரிக்காமலா செய்வாங்க? போய்ப் பாடத்தைப் படி” என்றார்கள். பொறாமையா என்று நானே என்னைக் கேட்டுப் பார்த்தேன். அக்கா போய்விட்டால் நான் தனியாகிவிடுவேன் என்ற பயம் உண்டு. அதுதான் இப்படிப் பேச வைக்கிறதோ என்னவோ. ஒரே ஆளின் சாட்சியை நம்பக்கூடாது என்றும் வேதத்தில் இருக்கிறது. அதை அப்பா போன வருஷம் வாசித்தார்.

நாளைக்கு மூன்றாம் ஓலை. அப்பா இருமுகிறார். விளக்கை அணைக்கிறேன்.


18-7-1928, புதன்கிழமை இரவு

நல்லம்மாள் அக்கா, நான் எழுந்து நின்றுவிட்டேன்.

குருவானவர் வாசித்து நிறுத்தியதும் கால் தானாக எழுந்தது. பின்னாலிருந்து யாரோ பாவாடையைப் பிடித்து இழுத்து, “உக்காருடி, மானம் போவுது” என்றார்கள். அந்தக் கையைத் தட்டிவிட்டேன். “ஐயா, அவங்க சாகலை. கார்டு போட்டிருக்காங்க” என்றேன். என்ன கார்டு என்று குருவானவர் கேட்டார். வேத வசனம் ஒப்புவிப்பது போல முழுவதையும் ஒப்புவித்தேன். செருப்பு என்றதும் பெண்கள் பக்கத்தில் இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள்.

ஜெயராஜ் அவர்கள் எழுந்து, சின்னப் பிள்ளை எதையோ பார்த்துக் குழப்பிக்கொண்டது, தன் ஊர் மாயவரம், அங்கே சபையில் கேட்டால் தன் மனைவியை அடக்கம் செய்ததைச் சொல்வார்கள் என்றார். நின்றவர் கைக்குட்டையை நாலாக, எட்டாக மடித்துக்கொண்டே இருந்தார். குருவானவர் புத்தகத்தை மூடினார். மாயவரத்துக்கு எழுதிப் பதில் வரும்வரை இந்த ஓலை நிற்கட்டும் என்றார். என்னை அவர் திட்டவில்லை. அருகில் வந்து, “நீ சொன்னது பொய்யாக இருந்தால் இதே இடத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும், தெரியுமா?” என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன்.

ஓலை வாசிக்கும் நாளில் பெண் கோயிலுக்கு வரக்கூடாது என்று அக்கா வீட்டில் இருந்தாள். மாப்பிள்ளை சாப்பிட வருவார் என்று கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தாள். அப்பா வாசலில் செருப்பைக் கழற்றியதும், “வேதத்தை வீட்டுல வாசிக்கச் சொன்னேன். சபையில எழுந்து நிக்கவா சொன்னேன்?” என்று கத்தினார். என்னை அடிக்கக் கை ஓங்கினார். அடிக்கவில்லை. அதே இடத்தில் உட்கார்ந்துவிட்டார். அப்பா அப்படித் தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அக்கா எல்லாவற்றையும் கேட்டாள். அழவில்லை. எங்களுக்கு இலை போட்டாள். யாரும் சாப்பிடவில்லை. குழம்பைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாள்.

மூன்று நாள் அவள் என்னிடம் பேசவில்லை. தலை மட்டும் பின்னிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். நாளைக்குக் கலியாணமாக இருந்திருக்க வேண்டும். தைத்து முடித்த ரவிக்கை கொடியில் தொங்குகிறது. அதை யாரும் எடுத்து வைக்கவில்லை.

இன்றிரவு இந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்னால் அக்கா நிற்பது தெரியவில்லை. அவள் தாளை வாங்கி முதலிலிருந்து வாசித்தாள். கடலைப் பொட்டலம் வந்த இடத்தில் லேசாகச் சிரித்தாள் என்று நினைக்கிறேன், விளக்கு மங்கல். பிறகு விளக்கை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனாள். அங்கே ஜெயராஜ் அவர்களின் தகரப்பெட்டி இருக்கிறது. கலியாணத்துக்கென்று போன மாதமே கொண்டுவந்து வைத்தார். மூடியின் உட்பக்கம் வெள்ளைப் பெயிண்டில் அவர் பெயரும் விலாசமும் எழுதியிருக்கின்றன. “எழுதிக்கோ” என்று சொல்லி அக்கா வாசித்தாள். நாகப்பட்டினம், வெளிப்பாளையம். மாயவரம் இல்லை.

எப்போதிலிருந்து அவளுக்கு இது தெரியும் என்று நான் கேட்கவில்லை.

இதை நாளைக்கே குருவானவரிடம் காட்டலாமா என்று கேட்டேன். “ஊருக்கெல்லாம் தெரியறதுக்கு முன்னாடி அவளுக்குத் தெரியணும். அவ புருஷன். அவதான் சொல்லணும் என்ன செய்யணும்னு” என்றாள். பிறகு, “கடுமையா எழுதாதடி. அவரு கெட்டவரில்ல. ஒத்தையா கிடந்தா மனுஷனுக்குப் புத்தி எங்கெங்கேயோ போகுது” என்றாள். நான் கடுமையாக எழுதியிருந்தால் மன்னியுங்கள். அவரை எனக்கும் பிடிக்கும்.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. இந்த மூன்று நாளில் இரண்டு முறை, அவர் சொன்னபடியே மாயவரத்திலிருந்து பதில் வந்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்துவிட்டேன். அப்படியென்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். ஆசீர் கோழியைத் துரத்துவதை நினைத்ததும் பயந்துபோய் முழங்காலில் நின்றேன். நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும். ஆண்டவர் மன்னித்தாரா என்று தெரியவில்லை.

கோயிலில் நான் ஒரே ஒரு வாய். வேதம் இரண்டு கேட்கிறது. அதனால் உங்கள் கையால் ஒரு வரி எழுதுங்கள். அவரைத் திட்டி எழுத வேண்டாம், அவருக்காகப் பரிந்தும் எழுத வேண்டாம். இருக்கிறேன் என்று மட்டும் எழுதினால் போதும். கோயில் விலாசத்தை மறுபக்கம் எழுதியிருக்கிறேன். மூடிய கடிதமாக அனுப்பினால் நான் பிரிக்க மாட்டேன்.

அக்கா இப்போது படுத்துவிட்டாள். படுக்குமுன் ஜெபம் செய்தாள். அப்பாவுக்கும் எனக்கும் வேண்டிக்கொண்ட பிறகு, “நாகப்பட்டினத்தில் இருக்கிற நல்லம்மாளையும் அவள் பிள்ளையையும் காத்தருளும்” என்றாள். இருக்கிற என்றாள். நான் ஆமென் சொன்னேன். எனக்கு ஆமென் சொல்லத்தான் முடிந்தது.

கர்த்தர் உங்கள் வீட்டு வாசலையும் உங்கள் பையனின் கால்களையும் காப்பாராக.

உங்களுக்கு முகம் தெரியாத தங்கை,
ஞா. ஞானப்பூ