வாழைக்குக் கட்டிய தாலி

என் செல்லையா,

ஊர் கேட்க உன்னை அண்ணாச்சி என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். இன்று பெயர் சொல்லி எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

நேற்று திருவனந்தபுரத்தில், தம்பானூர் பஸ் ஸ்டாண்டு வழியாக வானவில் கொடிகளோடு ஊர்வலம் போனது. ஆணும் ஆணும் கைகோத்து நடந்தார்கள். நம் காலத்தில் அங்கே நம்மைப் போன்றவர்கள் எல்லாரும் நாகர்கோவில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள்தானே! பஸ் வரும், போகும், ஒருவரும் ஏறமாட்டோம். நீயும் நானும் அப்படிக் காத்திருந்துதான் சந்தித்தோம். இதைப் பார்க்க நீ இல்லையே என்று ரோட்டோரத்தில் நின்று அழுதேன்.

இனி வீட்டுச் செய்தி. கல்யாணமாகாமல் இறந்தவனைத் தனியாக அனுப்பக்கூடாதென்று, பாடையைத் தூக்கும் முன் உன் அக்கா கொல்லை வாழைக்கு உன் கையால் தாலி கட்டவைத்தாள். பிறகு வாழையை வெட்டிச் சாய்த்தார்கள். பெண்ணும் உன்னோடு வந்துவிட்டாள் என்று அர்த்தமாம். உன் ஆரியசாலை வீட்டு மாடியில், வாடகைக்கு இருப்பவன் என்ற பெயரில் உன்னோடு குடித்தனம் செய்த நான், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். உனக்கு அது தெரிந்ததா?

மறுநாள் காலை வெட்டிய இடத்தின் நடுவிலிருந்து குருத்து எழும்பியிருந்தது. வாழை அப்படித்தான் என்று எனக்கும் தெரியும். ஆனால் அக்கா வெட்ட வெட்ட அது வந்துகொண்டே இருந்தது. அடியில் தாலியின் மஞ்சள் கயிறு கட்டியபடியே இருந்தது. காற்றில்லாத மதியங்களிலும் இலை மட்டும் என் ஜன்னல் பக்கமாக ஆடும். பயந்துபோனேன் செல்லையா. உன்னை நினைத்துப் பயப்படுவேன் என்று நான் நினைத்ததே இல்லை.

இன்று காலை அக்கா அரிவாளோடு கொல்லையில் நின்றாள்.

"எடா குமரேசா, இவ போகமாட்டேங்குதாளே. அவன் இவளக் கூட்டிட்டுப் போகல்லியா? ஒங்கிட்ட எப்பவாவது எதாவது பறஞ்சிருக்கானா?"

"அக்கா, அண்ணாச்சிக்கு ஆள் இருந்துச்சு."

"ஆரு?"

"நான்தான்."

இலை ஆடுவது நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், நின்றது. அக்கா என்னையே பார்த்தாள். அரிவாள் கையில்தான் இருந்தது.

"அப்போ அன்னைக்கு இவளுக்குத் தாலி கட்டுனப்ப, நீ எப்படிடா பாத்துக்கிட்டு நின்ன?"

கேட்டுவிட்டு அழத் தொடங்கினாள். அழுதபடியே குனிந்து, அந்தக் கயிற்றை மட்டும் அறுத்தாள்.

வாழை நிற்கட்டும், நான் தண்ணீர் விடுகிறேன். வரும் திதிக்கு உனக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பவன் நானாகத்தான் இருப்பேன். யார் நீ என்று கேட்டால் சொல்லிவிடுவேன்.

உன் துணைவன்,
குமரேசன்