காப்புக் கட்டிய ஊரில் ஒரு வெளியூர்க்காரி

அக்கா,

இன்று காலை கோயில் மைக்கில் அறிவித்தார்கள். "ஆத்தாளுக்குக் காப்புக் கட்டியாச்சு. தேர் முடியிற வரைக்கும் ஊர்ப் பொதுமக்கள் யாரும் வெளியூர்ல ராத்தங்கக் கூடாது." அந்த நேரம் பார்த்து மில்லில் கோதுமை ஓடிக்கொண்டிருந்தது. சூடான கோதுமை மாவின் வாசனையும் அந்தக் குரலும் ஒன்றாக வந்ததில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுவிட்சை அணைத்துவிட்டேன். கோதுமை கொண்டுவந்தவர் மோட்டார்தான் போய்விட்டது என்று நினைத்தார்.

நம் ஊரில் கோதுமை என்றால் நீங்கள்தான். "ரவைக்கும் மாவுக்கும் நடுவுல வேணும் செல்வி" என்று வாசலில் நின்றபடியே சொல்வீர்கள். அதில் நீங்கள் சுட்ட ரொட்டியை என்னால் கடைசி வரை கடிக்க முடிந்ததில்லை. டென்மார்க்கிலிருந்து திருமயம் கோட்டையைப் பார்க்க வந்து, காமாலையில் விழுந்து, நம் ஊர்க் கீழாநெல்லி வைத்தியத்தில் தேறி, மறுவருஷமே பெட்டியோடு திரும்பி என் பக்கத்து வீட்டில் குடியேறினீர்கள். அந்தக் கதையை ஊரே சொல்லும். அதற்குப் பிறகு வருஷக்கணக்காக இங்கே இருந்தீர்களே, அதைச் சொல்ல ஒருத்தர் இல்லை.

சித்திரை வெயிலில் முதுகெல்லாம் வேர்க்குரு வெடித்து, ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பீர்கள். கரண்ட் போனால் என் மில் திண்டாடும், உங்கள் வேலையும் திண்டாடும். இருவரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மின்வாரியத்தைத் திட்டுவோம். திட்டும் தமிழ் உங்களுக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. விசாவுக்காக அலையும்போதெல்லாம் ஆபீஸில் அதே கேள்விதான்: எதற்காக இங்கே தங்க வேண்டும்? "புருஷன் வேலைன்னா புரியுது, சாமியார் மடம்னாலும் புரியுது. சும்மா இருக்க ஆசைன்னா அவங்களுக்குப் புரியமாட்டேங்குது" என்று எரிச்சலோடு வந்து உட்காருவீர்கள்.

ஆனால் வெயிலும் விசாவும் உங்களை அழவைத்து நான் பார்த்ததில்லை. நம் ஜனங்களின் ஒரே ஒரு கேள்விதான் அழவைத்தது. இலுப்பூர் பஸ்ஸில், கல்யாணப் பந்தியில், ரேஷன் கடை வாசலில், யாராவது சிரித்த முகமாகக் கேட்பார்கள். "எப்பங்க ஊருக்குப் போறீங்க?" நீங்களும் சளைக்காமல் சொல்வீர்கள். "இதாங்க என் ஊரு. இன்னும் எங்கிட்டுப் போக?" அதைக் கேட்டு அவர்கள் இன்னும் பெரிதாகச் சிரிப்பார்கள்.

அதனால்தானோ என்னவோ, காப்புக் கட்டுப்பாட்டை உங்களைப் போல இந்த ஊரில் யாரும் மதித்ததில்லை. காப்புக் கட்டிய நாளிலிருந்து தேர் வரை ஒரு ராத்திரி எல்லையைத் தாண்ட மாட்டீர்கள். ஊர்த் தலைக்கட்டான அம்பலகாரரே ஒருமுறை, "அம்மா, ஒங்களுக்கெல்லாம் அது கெடையாதுங்க, நீங்க தாராளமாப் போயிட்டு வாங்க" என்றார். பெருந்தன்மையாகச் சொன்னதாக அவருக்கு நினைப்பு. உங்கள் முகம் செத்துப்போனது எனக்குத்தான் தெரியும். அவருடைய மகன் திருப்பூரில் படுத்துத் தூங்கிவிட்டுத் தேரன்றைக்குக் காரில் வந்து வடம் பிடிப்பான். அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவன் ஊர்க்காரன், பிறந்த மண் அவனை எதற்கும் மன்னிக்கும்.

போன வருஷம் காப்புக் கட்டிய ஐந்தாம் நாள் உங்களுக்கு நெஞ்சைப் பிடித்தது. ஆட்டோ வைத்துப் புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போனேன். இன்று ராத்திரி இங்கேயே இருக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். நீங்கள் செருப்பைத் தேடினீர்கள்.

"அக்கா, ஆஸ்பத்திரிக்கெல்லாம் ஆத்தா கோவிச்சுக்க மாட்டா. படுங்க."

"ஆத்தா கோவிக்க மாட்டா செல்வி. அம்பலமும் கோவிக்க மாட்டாரு. வெள்ளைக்காரிதானேன்னு விட்ருவாரு. அதுக்குத்தான் ஊருக்கு வாரேன்."

கெஞ்சினேன், கத்தினேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு எனக்கு முன்னால் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தீர்கள். விடிந்து காபி கொண்டுவந்து கதவைத் தட்டித் தள்ளிப் பார்த்தபோது உங்களுக்கு உயிர் இல்லை. உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான் அக்கா. யாரிடம் நிரூபிக்கப் போனீர்கள்? நிரூபித்து என்ன கண்டீர்கள்?

காப்புக் கட்டிய பின் ஊரில் சாவு விழுந்தால் கோயில் நடை சாத்துவார்கள். பிரேதம் எடுக்கும் வரை கொட்டுச் சத்தம் இருக்காது. நான் மில்லைப் பூட்டிவிட்டு, நடை சாத்தும் மணிச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். மணி அடிக்கவில்லை. அம்பலகாரர்தான் வந்தார்.

"தாயி, இன்னைக்கு மண்டகப்படி நிக்காது, சாமி பொறப்படும். அவங்க வெளியூரு. நம்ம கட்டுப்பாடு அவங்களுக்குப் பொருந்தாதுல்ல?"

அந்தக் கட்டுப்பாட்டுக்குக் கட்டுப்பட்டு உயிரை விட்டவருக்கு அந்தக் கட்டுப்பாடு பொருந்தாதாம்! சாயங்காலம் நீங்கள் ஃப்ரீசர் பெட்டிக்குள் கிடக்க, உங்கள் வாசல் வழியாகவே கொட்டு முழங்கச் சாமி வந்தது. என் வீட்டு முன்னால் நிறுத்தித் தேங்காய்த் தட்டுக்குக் காத்திருந்தார்கள். கதவைப் பாதி திறந்து, "எங்க வீட்டுல துட்டி, சாவு விழுந்த வீடு. சாமியத் தூக்கிட்டுப் போங்க" என்றேன்.

"ஒனக்கு அவங்க என்ன ஒறவு?" என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது.

"கூடப் பொறந்தவ" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

இங்கேயே புதைக்க வேண்டும் என்பது உங்கள் ஆசை. உங்கள் அண்ணன் மகளும் போனில் சரி என்றாள். போலீஸ், தூதரகம் எல்லாம் ஒத்துக்கொண்ட பின்னும் ஊர்ச் சுடுகாட்டில் இடமில்லை என்றார்கள். கடைசியில் அடுத்த ஊர் மாதா கோயில் பங்குச் சாமியார், மதம் எது என்றுகூடக் கேட்காமல், கண்மாய்க் கரைக்கு அங்கிட்டுள்ள கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுத்தார். நம் எல்லைக்கு ஒரு வயல் தள்ளி. காப்பு நாளில் ஒரு ராத்திரிகூட எல்லை தாண்டாத உங்களை, காப்பு அவிழ்க்கும் முன்பே எல்லைக்கு வெளியே படுக்கவைத்தது இந்த ஊர். இதை எந்த மைக்கில் போய்ச் சொல்ல?

இன்று மத்தியானம் அம்பலகாரர் மில்லுக்கு வந்தார். "எல்லா வீட்டுலயும் மொளைப்பாரி போட்டாச்சு. ஒன் வீட்டுல போடலையாமே தாயி?"

"துட்டி வீடு. இன்னும் வருஷம் திரும்பல."

யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. தரையில் கிடந்த மாவைக் காலால் கிளறிவிட்டுப் போய்விட்டார்.

காலையில் கோதுமை கொண்டுவந்தவர் பக்கத்து ஊர்க்காரர். அவரை மறுபடி வரச் சொல்லி, சாயங்காலம்தான் அரைத்துக் கொடுத்தேன். பையைத் தூக்கும்போது உங்கள் பூட்டிய வீட்டைப் பார்த்துக் கேட்டார். "இங்க ஒரு வெள்ளைக்காரம்மா இருந்தாங்களே, ஊருக்குப் போயிட்டாங்களா?"

உங்கள் பதில் அப்படியே என் வாயில் வந்தது அக்கா. உங்கள் கோபத்தோடேயே வந்தது.

"இதாங்க அவங்க ஊரு. இன்னும் எங்கிட்டுப் போக?"

அவர் சிரிக்கவில்லை.