மன்ற வரலாற்றில் தனம்

நவம்பர் 3, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். நேற்று கல்லறைத் திருநாள். காசிமேட்டுக் கல்லறையில் நனைந்தது தொண்டையைக் கட்டிவிட்டது. காற்றில் ஒரு மெழுகுவர்த்தியும் நிற்கவில்லை. என் கணவர் கல்லின் மேல் சாமந்தியை மட்டும் வைத்துவிட்டு வந்தேன். அவர் போன பிறகு வரும் முதல் கல்லறைத் திருநாள்.

மிளகு ரசம். துவைத்த துணி எதுவும் காயவில்லை.

மதியம் பாஸ்கர் வந்தான். நங்கூரம் கலை இலக்கிய மன்றத்தின் இப்போதைய செயலாளர். திருவொற்றியூரில் ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடை. எனக்குப் பிள்ளை வயதுதான், ஆனால் மன்றத்து வழக்கப்படி அவனுக்கும் நான் அண்ணி.

"அண்ணி, மன்றம் ஆரம்பிச்சு அம்பது வருசம் ஆவுது. இந்த மாசம் கடைசி ஞாயித்துக்கெழம பொன்விழா. அண்ணன் படத்த தெறக்கறோம், மலர் போடறோம். மன்றத்து வரலாற நீங்கதான் எழுதித் தரணும்."

"நான் மெம்பரே இல்லியேப்பா."

"பழைய ஆளுங்கள்ல நீங்கதான் மிச்சம். உங்களுக்குத் தெரியாத கதையா?"

உண்மைதான். மன்றத்தை ஆரம்பித்தவர் அவர். ஆம்புரோஸ், துறைமுகத்தில் கப்பல் சரக்குக் கணக்கெடுக்கும் குமாஸ்தா. ஞாயிறு கூட்டம் முடிந்து வந்தால் யார் என்ன பேசினார்கள், யார் கோபித்துக்கொண்டு எழுந்து போனார்கள் எல்லாம் ஒப்பிப்பார். நான் சுண்டல் கிண்டி அனுப்பியவள். அதனால் அண்ணி.

சரி என்றேன். அவன் போன பிறகு கொஞ்சம் சந்தோஷம், கொஞ்சம் அழுகை.

நவம்பர் 5, புதன்

கேஸ் வந்தது. முட்டி வலி. மணலிப் பக்கமிருந்து காற்று, வீடெல்லாம் அழுகிய முட்டை வாடை. ஜன்னலைச் சாத்தி எழுத உட்கார்ந்தேன்.

ஞாபகம் வருகிறபடி:

— முதல் கூட்டம் ராயபுரத்தில் வலைக்கடை மாடியில். நாற்காலி கிடையாது, நைலான் வலைக் கட்டுகளின் மேல் உட்காருவார்களாம்.
— கையெழுத்துப் பத்திரிகை. துறைமுகத் தொழிலாளிகளும் கொருக்குப்பேட்டை ரயில்வே யார்டு ஆட்களும் எழுதியது. அட்டைப் படம் ஒரு வெல்டர் வரைவார்.
— கவிதை வாசிக்கும்போது கப்பல் சங்கு ஊதினால் ஊதி முடியும் வரை நிறுத்துவார்கள். கைதட்டல் அப்புறம்.
— நாடகம். குப்பங்களில், குவார்ட்டர்ஸ்களில். இதுதான் மன்றத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது.
— துறைமுகத்துக்குக் கண்டெய்னர் வந்தது, வேலையாள் குறைந்தது. டிவி வந்தது. விருப்ப ஓய்வு வாங்கி நிறையப் பேர் ஊரைவிட்டுப் போனார்கள்.
— பிறகு பாராட்டு விழாக்கள். ஒருவருக்கொருவர் சால்வை.

கடைசி வரியை அடித்துவிட்டேன். பாஸ்கர் வருத்தப்படுவான்.

நவம்பர் 8, சனி

பாஸ்கர் பழைய படங்களோடு வந்தான். ஒன்றைக் காட்டி, "இந்த அம்மா யாரு? எல்லா நாடகத்துலயும் இவங்கதான் நடுவுல நிக்கிறாங்க."

தனம். புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டியில் ஆடு வெட்டும் வேலை பார்த்தவருடைய பெண். மன்றத்தில் நடித்த ஒரே பெண். அவளுக்குப் பிறகு, யார்டில் வேலை பார்த்த சுப்பு என்பவருக்குச் சேலை கட்டிவிட்டு ஒப்பேற்றினார்கள். ஜனங்கள் சிரித்தார்கள். கொஞ்ச நாளில் நாடகமே நின்றது.

நான் அவள் நடித்துப் பார்த்தது ஒரே தடவை, எண்ணூரில், மணலில் பலகை போட்ட மேடை. கடலில் செத்தவனின் பெண்டாட்டி வேஷம். படகு முதலாளி வந்து "உன் புருசன் குடிச்சிட்டுத்தான் போனான்" என்பான். தனம் பதில் பேசாமல் நிற்பாள். அவ்வளவுதான் காட்சி. அன்று மணலில் உட்கார்ந்திருந்த குப்பத்துப் பெண்கள் பொறுக்க மாட்டாமல் எழுந்துவிட்டார்கள். "ஏய், இன்னாடி சும்மா நிக்கிற, கேளுடி அவன!" அவள் அவர்கள் பக்கம் மெல்லத் திரும்பிப் பார்த்தாள்.

வெள்ளிவிழா மலரில் அவளைப் பற்றி ஒரே வரி: "திருமணத்தின் காரணமாக விலகினார்." எந்த வருடம் திருமணம் என்று கேட்டுப் போடலாம் என்று தோன்றியது. உயிரோடு இருக்கிறாளா, அதுவே தெரியாது.

நவம்பர் 11, செவ்வாய்

புளியந்தோப்பு போய் வந்தேன். தெருவெல்லாம் மழைத் தண்ணீர். ஹவுசிங் போர்டு வாசலில் கேட்டேன், "நாடகத்துல நடிச்ச தனம் வீடு எது?"

"நாடகமா? அப்படி யாரும் இல்லம்மா." பிறகு ஒருத்தி யோசித்து, "சத்துணவு ஆயா தனம்மாவா? அந்த பிளாக்கு, கீழ் வூடு."

கதவைத் திறந்தவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. தலை முழுக்க நரை. இடுப்பில் பேத்தி.

"ராயபுரத்துலேர்ந்து வர்றேன். ஆம்புரோஸ் சம்சாரம்."

சிரித்த முகம் அப்படியே நின்றுவிட்டது. பேத்தியை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "உள்ள வாங்க. தண்ணி நிக்கிது, பாத்து."

அவர் இறந்ததைச் சொன்னேன். "கேள்விப்பட்டேன்," என்றாள். அவ்வளவுதான். மலருக்காக வந்ததைச் சொல்லி, எந்த வருடம் கல்யாணம் ஆனது என்று கேட்டேன்.

"கல்யாணமா? நாடகத்த உட்டு நாலஞ்சு வருசம் கயிச்சுதான் கல்யாணம்."

"அப்ப ஏன் நிறுத்தின?"

என்னையே பார்த்தாள். "நெஜமா தெரியாதா உங்களுக்கு?"

அவள் சொன்னது: ஒத்திகைக்கு அவளை சைக்கிளில் கூட்டி வந்தது அவள் அப்பா. அவர் வாசலில் பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், முடிந்ததும் கூட்டிப் போவார். ஒரு நாள் ஆட்டுத்தொட்டியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அம்மாவோ அவளைத் தனியாக அனுப்ப மாட்டாள். துக்கம் விசாரிக்கப் போன என் கணவர், "நான் வந்து கூட்டிக்கினு போறேன், தங்கச்சிக்கு நான் பொறுப்பு" என்றிருக்கிறார். இரண்டு ஞாயிறு போனார். மூன்றாம் ஞாயிறு போகவில்லை.

"நான் தல வாரி, பூ வெச்சிக்கினு வாசல்ல நிக்கிறேன். இருட்டற வரைக்கும் நின்னேன். அப்பால ஒரு நாள் வந்தாரு. தப்பா நெனச்சிக்காத தனம், என் வூட்டம்மாக்குப் புடிக்கல. பச்ச உடம்புக்காரி, சண்ட போடறா, கொஞ்ச நாள் போவட்டும்னாரு. கொஞ்ச நாள் போவட்டும்னாரு," என்று இரண்டு முறை சொன்னாள்.

"தனம், நான் அப்படி சொல்லவே இல்ல. எனக்கு இது தெரியவே தெரியாது."

அவள் பேத்தியின் சட்டைப் பொத்தானைப் போட்டாள். "உடுங்க அண்ணி. அதான் முடிஞ்சி போச்சே."

நம்பினாளா? தெரியவில்லை. டீ கொடுத்தாள். பாதியோடு வைத்துவிட்டேன்.

நவம்பர் 12, புதன்

எழுதவில்லை. சமைக்கவில்லை. பிரெட்.

அப்போது என் மகள் ஜெனி பிறந்து மூன்று மாதம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை குழந்தையோடு நான் தனியாகத்தான் இருந்தேன். அவர் வீட்டில் இருக்கவில்லை. மன்றத்தில்தான் இருந்தார். "இன்னிக்கு தனம் வரல, ஒத்திகை கெட்டுப்போச்சு" என்று என்னிடமே வந்து சொல்லியிருக்கிறார். நானும் "பாவம், உடம்புக்கு என்னவோ" என்று சொன்ன ஞாபகம்.

ஏன்?

1. புளியந்தோப்பு வரை மிதித்துப் போய்வரச் சோம்பல்.
2. ஆட்டுத்தொட்டிக்காரர் பெண்ணை சைக்கிளில் உட்காரவைத்து வருவதைப் பற்றி யாராவது ஏதாவது சொல்லியிருப்பார்கள். பயம்.
3. அவள் மேல் மனசு போயிருக்கும். அதற்குப் பயம்.
4. ஒன்றுமே இல்லை. வாயில் வந்த சாக்கு.

மூன்றாவதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. நாலாவதுதான் முடியவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

மாத்திரை வாங்க தண்டையார்பேட்டை. ஷேர் ஆட்டோவில் ஒரு பெண் போனில்: "செத்தான்னா அழுவேன்டி. உசுரோட வந்தான்னா தொடப்பத்தால அடிப்பேன்." எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

அவர் சட்டைகளை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. இன்று ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, வெடுக்கென்று உள்ளே எறிந்தேன். அப்புறம் மடித்து வைத்தேன்.

நவம்பர் 16, ஞாயிறு

காலைப் பூசை. சாமியார் பிரசங்கம் காதில் விழவில்லை. வந்ததும் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். வலைக்கடை, வெல்டரின் அட்டைப் படங்கள், கப்பல் சங்கு எல்லாம் உண்டு. எண்ணூர் மணலில் எழுந்து நின்ற பெண்களும் உண்டு. தனத்தைப் பற்றிய பத்தி மட்டும் இங்கேயும்:

"தனம் திருமணத்தால் விலகவில்லை. அவர் தந்தை இறந்தபின் ஒத்திகைக்கு அழைத்து வருவதாக வாக்குக் கொடுத்தவர் செயலாளர் ஆம்புரோஸ். இரண்டு ஞாயிறுகளுக்குப் பிறகு அவர் போகவில்லை. வேறு யாரும் போகவில்லை. தன் மனைவிக்குப் பிடிக்கவில்லை என்று அவர் காரணம் சொன்னார். அது உண்மையல்ல. அந்த மனைவி நான்தான். தனம் போன பிறகு மன்றத்துக்கு இன்றுவரை ஒரு பெண்ணும் நடிக்க வரவில்லை."

எழுத்து நன்றாகவே வந்திருக்கிறது.

நவம்பர் 19, புதன்

நான் எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டு வந்த பாஸ்கர் மழைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அண்ணன் படத்த தெறக்கற அன்னிக்கே இது வரணுமா அண்ணி?"

"வேற என்னிக்கு வரும்?"

"மன்றத்துல இப்ப கீறவங்க ஒரு ஷேர் ஆட்டோல அடங்கிடுவோம். அண்ணன் பேர வெச்சுதான் ஓட்டிக்கினு கீறோம். அத்தயும் ஒடச்சிட்டா இன்னா மிஞ்சும்?"

"என் பேர்ல பொய் சொல்லியிருக்காருப்பா. இத்தன வருசமா ஒரு பொம்பள மனசுல நான் பாவியா இருந்திருக்கேன். அவளோட நாடகமும் போச்சு. அவளுக்கு என்ன மிஞ்சிச்சு?"

அவன் கண் கலங்கிவிட்டது. கெட்டவன் இல்லை. அவன் எழுதிய முதல் கவிதையைத் திருத்திக் கொடுத்ததே இவர்தான். "கமிட்டில வெக்கிறேன்," என்று சொல்லி, காபி குடிக்காமல் போனான்.

ஜெனிக்குப் போனில் சொன்னேன். "அப்பாவா? அப்பா அப்படி இல்லம்மா." ஆமாம், அவளுக்கு அப்படி இல்லை. அவளைப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள் தவறாமல் கொண்டுபோய் விட்டவர்.

நவம்பர் 27, வியாழன்

கனமழை எச்சரிக்கை. மலர் வந்தது. வழவழ அட்டை, அட்டையில் அவர். வரலாறு என் பெயரில். அச்சுப்பிழை கம்மி. தனம் பத்தி இல்லை. அந்த இடத்தில்: "சூழ்நிலை காரணமாக விலகினார்."

பாஸ்கர் போனில், "இடம் பத்தல அண்ணி." பிறகு அவனே, "இல்ல, பொய். கமிட்டில ஒத்துக்கல. மன்னிச்சிடுங்க."

திட்ட வரவில்லை. வைத்துவிட்டேன்.

நவம்பர் 30, ஞாயிறு

விழா மாலை ஐந்துக்கு. நான்கு மணிக்குப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு இறங்கினேன். ஆட்டோக்காரரிடம் மண்டபத்தின் பெயரைச் சொல்ல வாயெடுத்து, புளியந்தோப்பு என்றேன்.

தனம் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கெளம்பு. விழாவுக்குப் போலாம். உன்னக் கூட்டிக்கினு போவத்தான் வந்தேன்."

சிரித்தாள். கோபச் சிரிப்பு இல்லை. "இப்ப வந்து இன்னா அண்ணி பண்றது? மவன் லாரி வேல முடிஞ்சி வர்ற நேரம். கொயந்தைக்கு வேற ஜொரம்."

"கொஞ்ச நேரம்தான்."

"வேணாம். அன்னிக்கு வந்து கூப்ட்டிருந்தா ஓடி வந்திருப்பேன்."

வற்புறுத்தவில்லை. மலரில் அந்தப் பத்தி வரவில்லை என்று சொல்லி, என் கையெழுத்துத் தாளை எடுத்து வாசித்துக் காட்டினேன். "அந்த மனைவி நான்தான்" என்ற இடத்தில் நிறுத்தி அவளைப் பார்த்தேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அப்ப நீங்க நெஜமாவே சொல்லல."

"இல்ல."

"நான் உங்கள எவ்ளோ திட்டிகினு இருந்தேன் தெரியுமா? சோறு வடிக்கிறப்பல்லாம் திட்டுவேன்." அழுதாள். நானும். வெங்காயம் என்று பேத்தியிடம் சொன்னோம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆம்புரோஸ் அண்ணன் பேர எடுத்துடுங்க. செத்தவரு," என்றாள்.

"எடுக்க மாட்டேன்."

அந்த எண்ணூர் நாடகத்தில் ஏதாவது வசனம் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். நெடுநேரம் யோசித்தாள். ஒன்றுகூட வரவில்லை.

பாஸ்கர் போன் செய்தான். பின்னால் மைக் சத்தம். "படம் தெறக்கப் போறாங்க அண்ணி, எங்க கீறீங்க?"

"தனம் வீட்ல இருக்கேன். நீங்க தெறந்துக்கங்க."

டிசம்பர் 1, திங்கள்

மழை விடவில்லை. மன்றத்தில் மாட்ட இடம் இல்லை என்று காலையில் பாஸ்கர் அவர் படத்தைக் கொண்டுவந்து இறக்கினான். கதவு உயரம். எந்தச் சுவரிலும் அடங்காது. சோபாவின் மேல் சாய்த்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனான்.

சாம்பார், வாழைக்காய் வறுவல். அவருக்குப் பிடிக்கும் என்று நினைத்துச் செய்யவில்லை, வாழைக்காய்தான் இருந்தது.

சாப்பிட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து, ஏன் என் பெயரைச் சொன்னீங்க என்று சத்தமாகவே கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "யார் கூட பேசறீங்க?" என்றாள்.

வீட்டுக்காரரோடு என்றேன்.