உடம்பை வளைக்காமல் கையைத் தூக்குங்க

ஏனுங்க,

சென்னிமலைக்கு அக்காவைப் பார்க்கப் போகிறேன். சாயங்காலம் வந்துவிடுவேன். அரிசி பருப்புச் சாதம் குக்கரில் இருக்கிறது, நெய் ஊற்றிச் சாப்பிடுங்க.

பதினொரு மணிக்கு பிசியோதெரபி சண்முகப்பிரியா உங்கள் தோள் எவ்வளவு தூக்க வருகிறது என்று மறுபடி அளக்க வருகிறாள். போன வாரம் மாதிரி ஏமாற்றாதீங்க. கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொன்னால், உடம்பையே மறுபக்கம் சாய்த்துவிட்டு, "நூத்தம்பது டிகிரி வந்துருச்சுங்களா அம்மணி?" என்று கேட்டீங்க. அவள் நிமிர்த்தி நிற்க வைத்து, "இப்பத் தூக்குங்க அங்கிள்" என்றதும் கை தொண்ணூறிலேயே நின்றுவிட்டது. "உன்ற ஸ்கேல் கோணலா இருக்குது கண்ணு" என்றீங்க. நான் சிரித்துவிட்டேன். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை.

உள்ள அளவைக் காட்டினால்தானே அவள் சரியான பயிற்சி கொடுப்பாள்? தோள் சரியாகும்வரை ஸ்கூட்டர் சாவியைத் தேடாதீங்க, அது என் பையில் இருக்கிறது.

சாந்தாமணி

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன். நேற்று பனியனைக் கழற்றும்போது தலை மாட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றீங்களே, வீம்பை விட்டு என்னை ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடுவீங்க என்று நானும் கதவுக்கு வெளியேதான் நின்றுகொண்டிருந்தேன்.