மற்றும் பலர்

வண்ணார்பேட்டை,
16-11-2025

அன்புள்ள மதுமதிக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவின் முழங்காலைத் தவிர எல்லாம் சௌக்கியம், என் வாய் முன்னைவிடச் சௌக்கியம். மெல்பர்னில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா என்று எழுது, போனில் கட்டைவிரல் படம் அனுப்பாதே. அதில் நாலு வரிக்கு மேல் போனால் நீ படிப்பதில்லை, அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். ஆற்றில் படித்துறை மூழ்கத் தண்ணீர் போகிறது. அப்பா அந்த முழங்காலோடு பாலம் வரை நடந்து பார்த்துவிட்டு வந்து தைலம் கேட்கிறார்கள். சொன்னால் கேட்டால்தானே.

ரீபாவை மறந்திருக்க மாட்டாய், என்னோடு வேலை பார்த்த கணக்கு டீச்சர், பத்தாம் வகுப்பில் உன்னைக் கரையேற்றியவள். நம் ஆறு கடலில் விழுகிற இடத்துக்குப் பக்கத்துத் துறைமுகம்தான் அவள் ஊர். இரண்டாம் உலக யுத்தத்தில், கொழும்பில் குண்டு விழுந்த வருஷம், அங்கிருந்து மூன்று வள்ளங்களில் மீன்பிடிக்கப் போன பதினொரு பேர் திரும்பவே இல்லை. கண்ணிவெடியா, கப்பல் இடித்ததா, இன்றுவரை தெரியாது, ஒரு பலகைத் துண்டுகூடக் கரைக்கு வரவில்லை. எண்பத்து மூன்று வருஷம் கழித்து இப்போதுதான் அவர்களுக்கு நினைவுக்கல் வைக்க ஒரு குழு போட்டார்கள். தலைவர் யார் தெரியுமா, நம் பஜாரில் கிரானைட் கடை வைத்திருக்கும் ஐயம்பெருமாள் அண்ணாச்சி. கல் இலவசமாகக் கொடுத்தார், ஆகவே தலைவர். மற்றபடி திருச்செந்தூரில் கால் நனைத்ததைத் தவிர அவருக்கும் கடலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. வாசகம் எழுத ரீபா என்னை மாட்டிவிட்டாள். தமிழ் டீச்சர் ரிட்டையர் ஆனாலும் ஊர் விடுவதில்லை.

நான் எழுதிக் கொடுத்தது ஆறு வரி. திருத்தத்துக்கு வந்த தாளில் இருபத்தாறு வரி இருந்தது. திறந்து வைப்பவர், முன்னிலை, வாழ்த்துரை என்று வரிசையாக வந்து, அண்ணாச்சி பெயருக்கு முன்னால் மூன்று பட்டம், பின்னால் நாலு டிகிரி. அதில் இரண்டை அவர் எப்போது படித்தார் என்று அவர் சம்சாரத்துக்கே தெரியாது. இவ்வளவும் தாண்டி அடியில், கண்ணாடி போட்டால் தெரிகிற எழுத்தில், கடலில் போனவர்கள். ஏழு பெயர், அப்புறம் 'மற்றும் பலர்'. செத்தவர்களைச் சுற்றமும் நட்பும் ஆக்கிவிட்டார்கள். பதினொன்றில் ஏழு போக நாலு, அந்த நாலு பேரைப் 'பலர்' என்று போட்டது மட்டும் அவர்கள் தாராளம்.

ஏன் இப்படி என்று விசாரித்தேன். சர்ச்சில் அடக்கப் புத்தகம் என்று ஒன்று உண்டு, பிரேதத்தைப் புதைத்தால்தான் அதில் பெயர் ஏறும். கடல் கொண்டுபோனவனுக்கு அடக்கம் ஏது? ஆனால் விதவை ஒருத்தி மறுமணம் செய்தால் கல்யாணப் புத்தகத்தில் 'இன்னாரின் விதவை' என்று எழுதுவார்கள். சின்னப் பெண்கள், பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்ற வேண்டுமே, ஏழு பேர் மறுமணம் செய்துகொண்டார்கள், அவர்கள் புண்ணியத்தில் ஏழு பெயர் கிடைத்தது. மீதி நாலு பேரில் மூவர் கல்யாணம் ஆகாதவர்கள். நாலாவது ஆள் சந்தியாகு, ரீபாவுக்குத் தாத்தா. அவர் சம்சாரம் வேறு கல்யாணம் செய்யவில்லை. அப்போது அந்த அம்மாள் வயிற்றில் இருந்த பிள்ளைதான் ரீபாவின் அப்பா அருமைநாயகம். அவருக்குத் தகப்பன் முகம் தெரியாது, போட்டோ கிடையாது, கல்லறை கிடையாது. கல்லறைத் திருநாளன்று எல்லாரும் மெழுகுதிரியோடு கல்லறைக்குப் போக, அந்த அம்மாள் மகனைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய் மணலில் பதினொரு திரி நட்டு, பதினொரு பெயரையும் சொல்லி ஜெபிப்பார்களாம். பெரியவர் இன்றும் அதைச் செய்கிறார், பெயர்களை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார். குழுவிலும் போய் ஒப்பித்தார். எழுத்துல ஆதாரம் இருந்தா கொண்டாரும் வே, வாயால சொல்லுததையெல்லாம் கல்லுல வெட்ட முடியுமா என்றுவிட்டார் அண்ணாச்சி. அன்று சாயங்காலம் பெரியவர் நம் வீட்டுக்கு வந்து, எங்கம்மா இன்னொரு கலியாணம் முடிச்சிருந்தா எங்கப்பா பேரு கல்லுல ஏறியிருக்கும், அப்படித்தானே டீச்சர் என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். முப்பத்து நாலு வருஷம் பிள்ளைகள் அழுகையை அடக்கியவள் நான், எனக்கே அழுகை வந்துவிட்டது.

தமிழ் டீச்சர் கையில் சிவப்புப் பேனாவைக் கொடுத்தது அவர்கள் தப்பு. 'மற்றும் பலர்' என்பதை அடித்துவிட்டு நாலு பெயரையும் எழுதி அனுப்பினேன். எழுத்து வெட்டுகிற கனி என்னிடம் படித்தவன், போன் போட்டு, இடம் பத்தாது டீச்சர், எதைத் தூக்கட்டும் என்றான். அண்ணாச்சியின் பட்டத்தையும் டிகிரியையும் தூக்கு என்றேன். அண்ணாச்சி என்னைய வைவாரு டீச்சர் என்றான். வாசகம் டீச்சர் பொறுப்பு என்று குழுத் தீர்மானத்தில் இருக்கிறது, எழுத்தில் ஆதாரம் கேட்டால் அதைக் காட்டு என்றேன்.

கல்லறைத் திருநாளன்று திறப்பதாகத்தான் இருந்தது. சிறப்பு விருந்தினருக்கு அன்று கல்யாண வீடு, அதனால் ஒரு வாரம் தள்ளினார்கள். எம்பது வருசம் பொறுத்தவங்க ஒரு வாரம் பொறுக்க மாட்டாங்களா என்றாராம் அண்ணாச்சி. போன ஞாயிறு அப்பாவும் நானும் போனோம். பொன்னாடை போர்த்தி முடிக்கவே ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. திரையை விலக்கியதும் அண்ணாச்சி தன் பெயரைத் தேடினார், அது மொட்டையாக நின்றது, போட்டோ எடுக்கிறார்களே என்று சிரித்து வைத்தார். பிறகு என்னிடம் வந்து, என்ன டீச்சர் எம் படிப்பெல்லாம் காணுமே என்றார். இடமில்லை அண்ணாச்சி என்றேன். ஏன் இடமில்லை என்று கேட்பார், பதில் சொல்லலாம் என்று காத்திருந்தேன், கேட்கவில்லை. போன டிகிரிக்காகக் குழு இதுவரை இரண்டு கூட்டம் போட்டுவிட்டது. பெயர் பதினொன்று ஆனது ஒருவர் கண்ணிலும் படவில்லை. ரீபா வீட்டில் எங்களுக்கென்று தனியாகச் சொதி வைத்திருந்தாள், தேங்காய்ப்பால் கொஞ்சம் நீர்த்துப் போயிருந்தது, ஆனாலும் அப்பா மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார்கள்.

அருமைநாயகம் சாப்பிட வரவில்லை. தேடிப்போய்ப் பார்த்தால் கல்லுக்கு முன்னால் குனிந்து நிற்கிறார். பார்வை மங்கல், அதனால் எழுத்துகளை விரலால் தடவித் தடவி வந்து கடைசிப் பெயரில் நிறுத்தினார். அப்பா என்று கூப்பிட்டார். எண்பத்து மூன்று வயதில் முதல் தடவையாகக் கூப்பிடுகிறார், மதுமதி. நான் திரும்பி நின்றுகொண்டேன். குழுவுக்குத் தெரிந்தால் கல்லை மாற்றிவிடுவார்களோ என்று ரீபா பயப்படுகிறாள். மாற்ற வேண்டுமானால் அண்ணாச்சி முதலில் அதைக் கடைசிவரை படிக்க வேண்டுமே.

பிள்ளைக்கு வாரம் ஒருநாள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். முழங்காலுக்கு டாக்டரிடம் போக அப்பாவிடம் நீதான் சொல்ல வேண்டும், உன் பேச்சைத்தான் கேட்கிறார்கள். காந்திமதியம்மை உங்கள் மூவரையும் குறைவில்லாமல் வைத்திருக்கட்டும். உனக்குக் கூப்பிட அப்பா இருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமையாவது கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அம்மா
ஞானம்பாள்