டீ வடிகட்டியில் சலித்த மண்

அண்ணே,

இன்று காலை மைசூர் ஹெப்பாளில் முதல் மழை. கம்பெனி பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் மண்வாசனையை மூக்கு நிறைய இழுத்தார்கள். நான் மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றேன். ஏனென்று தெரிந்த பக்கத்து வீட்டு மனிதர் நீங்கள். நீங்கள் போய்ச் சேர்ந்தும் வருஷம் ஒன்றாகிறது.

ஏழு வருஷத்துக்கு முன்பு என் மனைவிக்கு மசக்கை. மண் தின்ன ஆசை என்றாள். நம் இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த பூச்செடிப் பாத்தியில் சுரண்டி, சுத்தமாக இருக்கட்டுமென்று டீ வடிகட்டியில் சலித்து, டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். பத்தாவது பெயிலானவனின் விஞ்ஞானம்.

நாலாம் மாதம் அவளுக்குக் காய்ச்சல். கழுத்தில் நெறி கட்டியது. ரத்தம் பார்த்த டாக்டரம்மா, டாக்ஸோபிளாஸ்மா என்று ஒரு கிருமி, பூனைக் கழிவிலிருந்து வந்திருக்கலாம், வயிற்றுப் பிள்ளைக்குப் போனால் கண்ணையும் மூளையையும் கெடுக்கும் என்றார். பூனை என்ற சொல் எனக்குப் போதும். நேராக உங்கள் வாசலுக்கு வந்து கத்தினேன். தெருவே வேடிக்கை பார்த்தது. நீங்கள் உங்கள் சொந்த ஊரான ராமாபுரத்துப் பேச்சில் மெதுவாகக் கேட்டீர்கள்:

"ஏனுங்க தம்பி, எங்க பூனை அந்தப் பாத்தியிலதான ஒதுங்கும். அம்மிணி அங்க எதுக்குங்க போச்சு?"

அவள் போகவில்லை. நான்தான் போனேன்.

டப்பாவைப் பற்றிச் சொல்லிவிட்டு உங்கள் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். "அழுவுறத அப்புறம் வெச்சுக்கலாம். மருந்துச் சீட்டக் குடுங்க" என்றீர்கள். அந்த மாத்திரை அன்று மைசூரில் கிடைக்கவில்லை. ஒருமுறை நான் பெங்களூர் போய் வேறு ஏதோ மாத்திரையோடு திரும்பியதால், பிரசவம்வரை நீங்களே ரயிலேறினீர்கள்.

பெண் பிறந்தாள். வலது கண்ணுக்குள் ஓரமாக ஒரு தழும்பு, பார்வைக்குச் சேதமில்லை. ஆனால் எப்போது வேண்டுமானாலும் மறுபடி புண்ணாகலாம் என்றார் கண் டாக்டர். அவளுக்கு எழுத்து தெரிந்ததும் ஞாயிறுதோறும் நீங்கள் அவள் இடது கண்ணைத் துண்டால் மூடி, தூரத்து பஸ் போர்டைப் படிக்கச் சொன்னீர்கள். "நஞ்சன்கூடு, பெரியப்பா" என்பாள். "ஊரு எல்லாரும் சொல்லுவாங்க. நம்பரச் சொல்லு கண்ணு" என்பீர்கள்.

இப்போது அந்தக் கண்ணை நான் மூடுகிறேன். போன ஞாயிறு, "பனி மாதிரி இருக்குப்பா" என்றாள். மறுநாள் லீவு இல்லை என்றார் சூப்பர்வைசர், போனில். அவர் சொல்லும்போதே அவளோடு ஆஸ்பத்திரியில் இருந்தேன். பழைய தழும்பின் பக்கத்தில் புதிய புண். "சீக்கிரம் கூட்டி வந்தீர்கள், காப்பாற்றலாம்" என்று சொல்லி மருந்து தொடங்கியிருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கும் லீவு கிடைக்காது. அன்றைக்கும் போவேன்.