உவர்த்துப்போன கிணறு

மாசி, வெள்ளி. அரிசிக்குப் பங்கீட்டுக் கூப்பன் வந்த வருடம். நான் சொல்ல மகள் எழுதுகிறாள்.

பக்கத்துத் தோட்டக்காரனின் புகையிலை இடுப்பளவு வளர்ந்துவிட்டது. அவன் காலையில் மட்டுமே கிணற்றில் தண்ணீர் இறைக்கிறான். பொறாமையில் நான் பகல் முழுக்க இறைத்தேன். அடியிலிருந்த உப்புத் தண்ணீர் ஏறி என் கிணறு உவர்த்துவிட்டது. மண் ஈரமாயிருந்தும் என் புகையிலைக் கன்றுகள் வாடுகின்றன.

இன்று அவன் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தான்.

"அண்ணை, வெட்டின மாங்காயிலை உப்புப் போட்டால் தண்ணி வெளியிலை வரும்தானே? உங்கடை வேரிலையும் உதுதான் நடக்குது. உப்பு மண் வேரிலை இருக்கிற தண்ணியை இழுக்குது. என்ரை கிணத்திலை அள்ளுங்கோவன்."

"உன்ரை தண்ணி ஆருக்கு வேணும்?" என்றேன்.

நாளை அவனிடம் தண்ணீர் கேட்காவிட்டால் பயிர் முழுவதும் போய்விடும். அவன் கிணற்றை வெட்டியவர்கள் நாங்கள் நால்வர். இருவர் செத்துவிட்டார்கள். என்னை விட்டால் மிச்சம் இந்தப் பக்கத்துத் தோட்டத்துச் சின்னத்தம்பிதான்.